இரண்டு வெள்ளி நோட்டில் இருக்கும் தாத்தா

ஈசூன், சிங்கப்பூர்
தீபாவளி முடிந்த வாரம்

அன்புள்ள கதிரேசா,

நலம். உன் கடிதம் தீபாவளிக்கு மூன்று நாள் முன்பே வந்துவிட்டது. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. செல்வி மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்பதும் நல்ல செய்திதான். மாப்பிள்ளை தவறிப் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. அவள் வீட்டுக்குள்ளேயே கிடக்காமல் நாலு மனிதர்களைப் பார்க்கட்டும்.

பேரன் முகிலனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஜூன் விடுமுறைக்கு அவன் இங்கே வந்திருந்தபோது நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. கீழே காப்பிக்கடையில் அவனுக்கு மைலோ வாங்கிவிட்டு 2 வெள்ளி நோட்டை நீட்டினேன். அதைப் பிடித்துப் பார்த்தவன், "இந்தத் தாத்தா உங்க ஊர் ராஜாவா?" என்றான். உங்கள் ரிங்கிட்டில் மாமன்னர் படத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளை, வேறு எப்படிக் கேட்பான்? "ராஜா இல்லப்பா, அதிபர். முதல் அதிபர்" என்றேன். கொஞ்சநேரம் மைலோவைக் கலக்கிக்கொண்டே இருந்தான். அப்புறம், "ராஜா ஆகணும்னா அப்பா ராஜாவா இருக்கணும். அதிபர் ஆகவும் அப்பா இருக்கணுமா?" என்று கேட்டான்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "வேண்டாம்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கேக் வாங்கித் தருகிறேன் என்று பேச்சை மாற்றினேன். முப்பது வருஷம் வகுப்பறையில் நின்றவன் நான். ஒரு பிள்ளை இப்படிக் கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். அன்று முடியவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன். நீ படித்துவிட்டு, அவனுக்குச் சொல்ல வேண்டியதை உன் வாயால் சொல்.

முதலில் நோட்டில் இருக்கும் யூசோஃப் இஷாக். அவர் உங்கள் நாட்டில் பிறந்தவர் என்பதை முகிலனிடம் மறக்காமல் சொல். 1910-இல் பேராக்கில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு சிங்கப்பூர் வந்தார். இளமையில் குத்துச்சண்டை, பளுதூக்குதல் இரண்டிலும் பரிசு வாங்கியவர். பிறகு பத்திரிகைக்காரர். 1939-இல் 'உத்துசான் மெலாயு' நாளிதழைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் அவர். பெரிய முதலாளியின் பணத்தில் தொடங்கிய பத்திரிகை அல்ல அது. டாக்சி ஓட்டுநர்கள், அங்காடிக்காரர்கள், விவசாயிகள் என்று சாதாரண மலாய்க்காரர்களிடம் பங்கு விற்று முதல் திரட்டினார்கள். 1965-இல் நாடு தனியானபோது முதல் அதிபர். அதிபர் மாளிகையான இஸ்தானாவின் தோட்டத்தில் ஆர்க்கிட் செடி வளர்ப்பது அவருக்குப் பிடித்த வேலை. 1970-இல் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். 1999 முதல் வந்த நோட்டுகளில் எல்லாம் அவர் முகம்தான்.

அவருக்குப் பின் வந்த பெஞ்சமின் ஷியர்ஸ், மகப்பேறு மருத்துவர். கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிரசவ அறுவைச் சிகிச்சையைத் தாய்க்கு ஆபத்துக் குறைந்ததாக மாற்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவரும் பதவியில் இருக்கும்போதே, 1981-இல் காலமானார். விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும்போது கடலோரமாக ஒரு நீளமான பாலம் ஏறி வருவோமே, அது அவர் பெயரில் இருப்பதுதான். யூசோஃப் இஷாக்கும் அவரும் பிறந்த தேதி ஒன்றே, ஆகஸ்டு 12.

மூன்றாவதாக வந்த தேவன் நாயரைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கும். மலாக்காவில் பிறந்த மலையாளி, ரப்பர் தோட்டக் கிராணியின், அதாவது குமாஸ்தாவின் மகன். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். ஆங்கிலேயர் காலத்தில் 1951-இல் ஒரு முறை, 1956-இல் இன்னொரு முறை சிறையில் அடைக்கப்பட்டார். வெளியே வந்து தொழிற்சங்கக் காங்கிரஸைக் கட்டி எழுப்பினார். 1964-இல் மலேசியத் தேர்தலில் மக்கள் செயல் கட்சி சார்பில் தீபகற்பத்தில் வென்ற ஒரே ஆள் அவர்தான், பங்சார் தொகுதியில். காப்புறுதி, டாக்சி, மளிகைக்கடை என்று தொழிலாளிக்கான கூட்டுறவுகள் தொடங்கியது அவர் காலத்தில்தான். நான் வாத்தியாராகச் சேர்ந்த புதிதில் அரிசி, பருப்பு வாங்கியது அந்தக் கடையில்தான். 1981-இல் அதிபரானவர் 1985 மார்ச்சில் பதவி விலகினார். குடிப்பழக்கம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். பின்னாளில் அவர் அதை மறுத்தார். நாட்டைவிட்டுப் போய், கடைசியில் கனடாவின் ஹாமில்டன் நகரில் 2005-இல் இறந்தார். எது எப்படி நடந்ததோ, அந்த மனிதர் இந்த ஊர்த் தொழிலாளிக்குச் செய்ததை ஒரு கடைசி அத்தியாயத்தை வைத்து அழித்துவிடக் கூடாது என்பது என் எண்ணம். சிறைக்குப் போனபோதும் அவர் இதே மனிதர்தான்.

இப்போதுதான் முகிலனின் கேள்விக்கு வருகிறேன். நன்றாகக் கவனி, கதிரேசா. நாலாவது அதிபர் வீ கிம் வீ எட்டு வயதில் அப்பாவை இழந்தவர். ஆறாவது அதிபர் நாதன், அவரும் எட்டு வயதில். எட்டாவது அதிபர் ஹலிமா யாக்கோப், அவருக்கும் எட்டு வயதுதான். இதுவரை ஒன்பது பேர் அதிபராகியிருக்கிறார்கள். அதில் மூன்று பேர் நம் முகிலனைப் போன்றவர்கள். இதை யோசித்துப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீ கிம் வீ படிப்பைத் தொடர வசதியில்லாமல், 1930-இல் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' பத்திரிகையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கேயே நிருபரானார். 1966-இல் ஜகார்த்தா போய் சுஹார்த்தோவைப் பேட்டி எடுத்து, மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய போர் முடியப் போகிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் அவர். பேட்மிண்டன் ஆட்டக்காரர். முகிலன் சாயங்காலம் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறானே, அவனுக்கு இது பிடிக்கும். பிறகு கோலாலம்பூரில் தூதர், தோக்கியோவில் தூதர், 1985-இல் அதிபர். நான் அவரை ஒரு முறை பக்கத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பாடிய நிகழ்ச்சிக்கு வந்திருந்தார். மேடையிலிருந்து இறங்கி நேரே பிள்ளைகளிடம்தான் போனார். முதல் இரண்டு அதிபர்களைக் கிராஞ்சியில் அரசு மயானத்தில் அடக்கம் செய்தார்கள். அவரோ தன் அஸ்தியை மண்டாயில் சாதாரண மக்களின் அஸ்தி இருக்கும் இடத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். என் அம்மாவின் அஸ்தியும் மண்டாயில்தான் இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் அவரையும் நினைத்துக்கொள்வேன்.

நாதனைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவர் நம் மூவாரில் வளர்ந்த பிள்ளை. ஆனாலும் முகிலனுக்காக எழுதுகிறேன். அப்பா தோட்டங்களுக்கு வேலை பார்த்த வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா. பொருளாதாரம் விழுந்த காலத்தில் வேலை போய், கடன் ஏறி, உயிரை மாய்த்துக்கொண்டார். இந்த ஒன்றை மட்டும் முகிலனிடம் இப்போது சொல்லாதே, பெரியவன் ஆனதும் தெரிந்துகொள்ளட்டும். நாதன் பதினாறு வயதில் அம்மாவோடு மனத்தாங்கல் வந்து வீட்டைவிட்டு ஓடினார். ஜப்பான்காரன் காலத்தில் மூவாரில்தான் இருந்தார். அகராதியை வைத்துத் தானே ஜப்பானிய மொழி கற்று மொழிபெயர்ப்பாளர் ஆனார். நாம் சிறுவர்களாக இருந்தபோது ஆற்றங்கரையில் கிழவர்கள் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருக்கிறோமே, அதே தெருக்கள்தான்.

பல்கலைக்கழகச் சான்றிதழ் வாங்கும்போது அவருக்கு முப்பது வயது. மருத்துவமனையில் சமூக ஊழியர், பிறகு கப்பல் தொழிலாளிகளின் நல அதிகாரி, தொழிற்சங்க ஆய்வுப் பிரிவு, வெளியுறவு, தற்காப்பு என்று படிப்படியாக ஏறினார். 1974-இல் புக்கோம் தீவின் எண்ணெய் ஆலையைத் தாக்கிய நாலு பேர் 'லாஜூ' படகைக் கடத்திப் பணயக்கைதிகளை வைத்துக்கொண்டார்கள். பணயக்கைதிகளை விடுவிக்க, தங்களையே பிணையாக வைத்து அந்த ஆட்களோடு விமானத்தில் குவைத் வரை போன 13 அதிகாரிகளின் தலைவர் நாதன்தான். திரும்பி வருவோமா என்று தெரியாமல் ஏறிப் போன பயணம் அது. முகிலனிடம் இந்தக் கதையை நிதானமாகச் சொல், இரண்டு இரவுக்கு வரும்.

1999-இல் போட்டியின்றி அதிபரானார், 2005-இலும் போட்டியில்லை. தேர்ந்தெடுக்க வாய்ப்பே கொடுக்கவில்லையே என்று பலருக்கு வருத்தம் இருந்தது, எனக்கும் இருந்தது. ஆனால் 12 வருஷம் அந்த நாற்காலியில் அவர் இருந்த விதத்தில் நான் குறை காணவில்லை. 2009 நெருக்கடியில், நாடு சேர்த்து வைத்திருந்த நிதியிலிருந்து 490 கோடி வெள்ளி வரை எடுக்க முதன்முதலாக அனுமதி கொடுத்தவர் அவர். ஆட்குறைப்பைத் தடுக்கப் போன பணம் அது. 2016 ஆகஸ்டில் இறந்தபோது, அவருடைய அரசு இறுதிச் சடங்கில் ஒரு தமிழ்த் திரைப்பாடல் ஒலித்தது. பல ஊர் மண்ணை எடுத்து ஒரு பொம்மை செய்வதைப் பற்றிய பாடல், உனக்கும் தெரிந்ததுதான். பல இனத்து மக்கள் சேர்ந்த சிங்கப்பூர் அதில் அவருக்குத் தெரிந்ததாம். பிரதமர், அமைச்சர்கள், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் மௌனமாக உட்கார்ந்திருந்த அரங்கில் அந்தத் தமிழ் ஒலித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து நானும் இவளும் அழுதோம்.

ஹலிமா எங்கள் ஈசூன்காரர். அப்பா இந்திய முஸ்லிம், காவலாளி வேலை. அவர் போனபின் அம்மா தள்ளுவண்டியில் நாசி பாடாங் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். ஹலிமா விடியுமுன் எழுந்து அம்மாவுக்கு உதவிவிட்டுப் பள்ளிக்குப் போவார். அடிக்கடி போக முடியாமல், நீக்கிவிடுவோம் என்ற எச்சரிக்கை வரை வாங்கியிருக்கிறார். பிறகு சட்டம் படித்துத் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார், நாடாளுமன்றத்தின் முதல் பெண் நாயகரானார். 2017-இல் மலாய்ச் சமூகத்துக்கென்று ஒதுக்கிய தேர்தலில், தகுதி பெற்றவர் அவர் ஒருவர்தான் என்று வாக்களிப்பே நடக்கவில்லை. அந்த விதியில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் போட்டியிட்டே ஜெயித்திருப்பார், அந்தப் பெருமையை அவரிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதிபரான பிறகும் வீவக என்ற அரசு அடுக்குமாடி வீட்டிலேயே கொஞ்சநாள் இருந்தார். பாதுகாப்புக்காகத்தான் பிறகு மாறினார்.

நடுவில் ஒருவரை விட்டுவிட்டேன், ஓங் டெங் சியோங். நீ முந்தைய கடிதத்தில் "அதிகாரம் இல்லாத அதிபரால் என்ன பயன்" என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பதில் அவர்தான். 1991-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதிபரை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள், சேமித்த நிதியைத் திறக்க அரசாங்கத்திடம் ஒரு சாவி, அதிபரிடம் இன்னொரு சாவி. 1993-இல் முதல் தேர்தலில் வென்றவர் ஓங். கட்டடக் கலைஞர். எம்ஆர்டி ரயில் வேண்டும் என்று அமைச்சரவையில் விடாமல் வாதாடியவர். தொழிற்சங்கத் தலைவராக இருந்தபோது 1986-இல் ஒரு வேலைநிறுத்தத்துக்கு அமைச்சரவையிடம் சொல்லாமலே அனுமதி கொடுத்தார். இரண்டே நாளில் தொழிலாளிகளின் பிரச்சினை தீர்ந்தது.

அவர் அதிபரானதும் கேட்ட கேள்வி ரொம்ப எளிது. நான் காவல் காக்க வேண்டிய சொத்து எவ்வளவு, பட்டியல் கொடுங்கள். நிலம், கட்டடம் எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டுச் சொல்ல, ஓர் ஆள் செய்தால் 56 வருஷம் பிடிக்கும் என்று பதில் வந்தது. கடைசியில் கிடைத்த பட்டியலும் முழுமையாக இல்லை என்று பதவி முடிந்தபின் அவரே சொன்னார். கேட்டதால் அவருக்கு எந்த நன்மையும் வரவில்லை. ஆனால் சாவியை வாங்கியவன் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பதுதானே முறை? அவர் மட்டும்தான் அதை ஊர் அறியக் கேட்டார். மனைவி 1999-இல் புற்றுநோயில் போனார், அவர் 2002-இல். அரசு மரியாதை முழுதாகக் கொடுக்கவில்லை என்ற ஆதங்கம் இங்கே பலருக்கு இன்றும் உண்டு.

டோனி டான் 2011-இல் டான் என்ற குடும்பப் பெயருள்ள நாலு பேர் போட்டியிட்டதில் ஏழாயிரத்துச் சொச்சம் வாக்கில் வென்றவர். அந்த இரவு ஊரே தூங்கவில்லை. இப்போது தர்மன். யாழ்ப்பாண வேர் உள்ள குடும்பம், அப்பா புகழ்பெற்ற நோயியல் பேராசிரியர். 2023 செப்டம்பரில் அன்னாசிப்பழச் சின்னத்தில் நின்று 70 விழுக்காடு வாக்கு வாங்கினார். போட்டி நடந்து ஜெயித்த முதல் சீனரல்லாத அதிபர் அவர். எங்கள் புளோக்கில் முடிவு அறிவித்ததும் முதலில் கதவைத் தட்டி வாழ்த்துச் சொன்னவர் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி.

தீபாவளிக்கு இஸ்தானா திறந்திருந்தது, போயிருந்தேன். புல்வெளியில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். முகிலன் வயதில் ஒருவன் வாத்து பின்னாலேயே போய்க்கொண்டிருந்தான், எனக்கு அவன் ஞாபகமே வந்தது. சீனப் புத்தாண்டுக்கும் திறப்பார்கள். அப்போது உங்களுக்கும் விடுமுறைதான். செல்வியிடம் கேட்டு அவனை அனுப்பி வை. ஜொகூர் பாருவில் லார்க்கின் பேருந்து நிலையத்துக்கு நானே வந்து கூட்டிக்கொள்கிறேன், நீயும் வந்தால் இன்னும் நல்லது.

இதோடு ஒரு 2 வெள்ளி நோட்டு வைத்திருக்கிறேன். அவனுக்குத்தான், செலவழிக்க வேண்டாம் என்று சொல். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்று அவன் கையாலேயே தமிழில் நாலு வரி எழுதி அனுப்பட்டும்.

அன்புடன்,
உன் இராமலிங்கம்