சத்திரசிகிச்சைக்குப் பின்னர் யாருடைய பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சையைச் சோம்பேறிகளின் குறுக்குவழி என்று ஏசுவோரும், செய்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்புவோரும் எம்மிடையே உள்ளனர். என் தங்கையின் அனுபவத்தில் இரண்டுமே பிழை.

அதன் பயனில் எனக்கு ஐயமில்லை. சுவீடனில் 1987இல் தொடங்கிய ஆய்வொன்றில், சத்திரசிகிச்சை பெற்ற ஏறத்தாழ 2,000 பேரின் எடை இரண்டாம் ஆண்டில் சராசரியாக 23 சதவீதமும், இருபதாம் ஆண்டில் 18 சதவீதமும் குறைந்திருந்தது. வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் எடையோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. இடைவெளியான அந்த ஐந்து சதவீதம், இழந்த எடையில் ஒரு பங்கு மெல்லத் திரும்பக்கூடும் என்பதையும் காட்டுகிறது.

இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றும் முறையில் கொழும்புத் தனியார் வைத்தியசாலையொன்றில் சிகிச்சை பெற்ற என் தங்கைக்கு, முதல் வருடத்திலேயே நீரிழிவுக் குளிசை நிறுத்தப்பட்டது. ஆனால் ஒவ்வொரு கிளினிக்குக்கும் திருகோணமலையிலிருந்து இரவு ரயிலேறி, ஒருநாள் சம்பளத்தையும் இழந்து, பத்து நிமிடம் வைத்தியரைக் கண்டு திரும்ப வேண்டியிருந்ததால், மூன்றாம் முறையோடு அவள் போவதை நிறுத்தினாள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று விற்றமின் குளிசைகளையும் விட்டாள். இரண்டாம் வருடத்தில் முடி கொட்டியது, படியேற மூச்சு வாங்கியது, பாதங்கள் விறைத்தன. மெலிவை மெச்சிய அயலவர்களே வாடிப்போனாயே என்று கேட்டார்கள். இரும்புச்சத்தும் விற்றமின் பி12உம் குறைந்திருப்பதை இங்குள்ள வைத்தியர் ஒருவரே கண்டறிந்தார். பி12ஐ உணவிலிருந்து பிரிக்க இரைப்பை அமிலமும், குடல் அதை உறிஞ்ச இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதமும் தேவை. இரைப்பை சுருங்கினால் இரண்டும் குறைகின்றன. இது வாழ்நாள் முழுதும் கவனிக்க வேண்டிய விடயம் என்று அவளிடமிருந்த ஆங்கிலத் துண்டில் ஒரு வரிகூட இல்லை.

இதற்குப் பெரிய இயந்திரங்கள் தேவையில்லை. குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் பி12 ஊசி, புரதம் குறையாத உணவுக்கு ஆலோசனை ஆகியவற்றை மாவட்டத்திலேயே வழங்கலாம். சத்திரசிகிச்சை செய்பவர், நோயாளியின் ஊர் வைத்தியருக்கு என்ன செய்யப்பட்டது, எவற்றை எப்போது பரிசோதிக்க வேண்டும் என்று எழுதி அனுப்பவும், நோயாளிக்கு அதைத் தமிழிலோ சிங்களத்திலோ கொடுக்கவும் சுகாதார அமைச்சு பணிக்க வேண்டும். முதல் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வதால், குடும்பநல உத்தியோகத்தரும் இதை அறிந்திருத்தல் அவசியம்.

இப்போது தங்கைக்கு இங்கேயே மாதந்தோறும் ஊசி போடப்படுகிறது. அவ்வைத்தியர் கொழும்புக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.