பெரியவ பரீட்சை எழுதிட்டு வந்தா

எப்படிடி இருக்க, அத்தைக்கு கால் வலி பரவால்லயா? போன் பண்ணலைனு கோச்சுக்காத, பெரியவ பக்கத்துலயே இருக்கா, அவள வச்சுக்கிட்டு இதெல்லாம் பேச முடியல, அதான் எழுதுறேன்.

பெரியவ கேம்பஸ் இன்டர்வியூல செலக்ட் ஆயிட்டானு உனக்கு ஸ்வீட் குடுத்து விட்டேனே, அந்த கம்பெனில இன்னும் ஜாய்னிங் டேட் வரலடி. ஆஃபர் லெட்டர் இருக்கு, வருஷத்துக்கு 3 லட்சத்து சொச்சம்னு போட்டிருக்கு, மெயில் போட்டா பிறகு சொல்றோம்னு அதே பதில். அந்த லெட்டர நம்பி எட்டு மாசம் வேற எங்கயும் அப்ளை பண்ணாம இருந்துட்டா, இப்ப இன்டர்வியூ போனா "2023ல முடிச்சீங்க, இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க"னு மொத கேள்வியே அதானாம். காக்க வச்சது ஒருத்தங்க, பதில் சொல்றது எம்புள்ளையா? எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

போன ஞாயிறு, 2024 ஜூன் 9, அரசு வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. நடத்துற குரூப் 4 பரீட்சை எழுதினா. 6,244 இடம்னு அறிவிச்சிருந்தாங்க, 20 லட்சம் பேர் அப்ளை பண்ணிருக்காங்க. பத்தாவது முடிச்சிருந்தாலே எழுதலாம், ஆனா சென்டர் வாசல்ல பாக்குறேன், பி.ஈ., எம்.எஸ்சி. பி.எட்.னு எல்லாம் படிச்ச புள்ளைங்க. ஒரு பொண்ணு கைக்குழந்தைய அம்மாகிட்ட குடுத்துட்டு உள்ள ஓடுச்சு, அந்தம்மா வேப்பமரத்தடில பால் பாட்டில வச்சுக்கிட்டு மூணு மணி நேரம் குழந்தைய ஆட்டிக்கிட்டே இருந்தாங்க, மக எம்.எஸ்சி. மேத்ஸாம், ஒரு ஸ்கூல்ல மாசம் எட்டாயிரத்துக்கு போயிட்டு இருந்துச்சாம், பிரசவத்துக்கு லீவு கேட்டதும் வேற ஆள போட்டுட்டாங்களாம். படிக்கலனா படிக்கலனு திட்டலாம், இத்தன படிச்ச புள்ளைங்கள என்னனு சொல்றது சொல்லு.

பெரியவ வெளிய வந்து ஒண்ணும் பேசல. பஸ்ல பாதி தூரம் வந்தப்புறம் சொல்றா, தெரியாத கேள்விய சும்மா விடக்கூடாதாம்மா, விடை தெரியலனு தனியா ஒரு வட்டம் இருக்கு அத கருப்பாக்கணும், நான் நாலே நாலுதான் அப்படி பண்ணேன்னு. கட்டைவிரல்ல பேனா மை அப்படியே இருந்துச்சு. நான் கைய புடிச்சுக்கிட்டேன், வேற என்ன பண்ண.

கோயம்புத்தூர்ல உன் தம்பி கம்பெனில ஈ.சி.ஈ. படிச்சவங்கள டெஸ்டிங்குக்கு எடுப்பாங்களானு கேளு, ட்ரெய்னியா இருந்தாலும் போதும், ஆனா அனுபவ சான்றிதழ் குடுக்கணும். ரெஸ்யூம் வாட்ஸப்ல அனுப்புறேன். அவகிட்ட பேசுனா வேலை பத்தி மட்டும் கேக்காத, உன் மாடித்தோட்டத்த பத்தி பேசு, அது அவளுக்கு புடிக்கும்.