தரங்கம்பாடிச் சுவடி நூலகம்: சமய நூல்களை இனங்காண உதவியவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் லுத்தரன் சமயப் போதகர் சீகன்பால்க், தம் கையில் சேர்ந்த தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் ஜெர்மன் மொழியில் ஒரு பட்டியல் எழுதினார். ‘பிப்லியோதெக்கா மலபாரிக்கா’ என்று இன்று அறியப்படும் அந்தப் பட்டியல் நான்கு பகுதி கொண்டது: லுத்தரன் சபை நூல்கள், கத்தோலிக்க நூல்கள், ‘மலபாரிகள்’ என்று அவர் குறித்த தமிழரின் நூல்கள், இசுலாமிய நூல்கள். மூன்றாம் பகுதியில் மட்டும் 119 நூல்கள். ஒரு தனி மனிதர் இரண்டே ஆண்டில் திரட்டிய நூலகம் இது. எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பி, இறந்துபோன அந்தணர்களின் மனைவியரிடமிருந்து வாங்கிய ஏடுகளும் அதில் உண்டு. இந்தச் சமய நூல்கள் எவை, இன்று எங்கே படிக்கக் கிடைக்கும் என்று தமிழில் ஓர் அட்டவணை தயாரிக்கும் வேலை ஓரளவு நிறைவுக்கு வந்திருக்கிறது. அதற்குத் தோள்கொடுத்தவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி, எங்களுக்கு முன்னே இதைச் செய்தவர்களுக்கு. பட்டியலை 1880இல் அச்சேற்றிய கெர்மான், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ஸ்லோன் 3014 என்ற எண்ணுடன் இருக்கும் பிரதியை ஆராய்ந்தவர், 2012இல் புதுச்சேரியிலிருந்து விரிவான ஆங்கிலப் பதிப்பைக் கொண்டுவந்தவர்கள் ஆகியோரின் உழைப்பு இல்லையென்றால் எங்கள் அட்டவணைக்கு அடித்தளமே கிடையாது. ஜெர்மனியின் ஹாலே நகரில் உள்ள பிராங்கே நிறுவன ஆவணக் காப்பகத்தாருக்கும் லண்டன் வாசிப்பறை ஊழியர்களுக்கும் அடுத்த வணக்கம்.

பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படித்துத் தந்தவர்களின் உதவி எத்தகையது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அக்காலக் கூரெண்ட் எழுத்தில் e, n, u மூன்றுக்கும் உரிய வடிவங்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி மேலும் கீழுமாக ஓடும் கோடுகள். u-வின் தலையில் ஒரு சிறு வளைவு போடுவார்கள். அது மங்கினால் u என்பது n ஆகிவிடும். ஜெர்மன் சொல்லாக இருந்தால் இடம் பார்த்து ஊகிக்கலாம். தமிழ் நூற்பெயரை அப்படி ஊகிக்க முடியாது. தமிழ் தெரியாத ஜெர்மானியரும் ஜெர்மன் தெரியாத தமிழரும் தனித்தனியே படித்தால் இருவருமே தவறுவார்கள். அதனால், எழுத்தை மட்டும் பார்த்து ஒருவர் படிக்க, அந்த வாசிப்புக்குப் பொருந்தும் தமிழ்ப் பெயர்களை மற்றவர் வரிசைப்படுத்த, பிறகு இருவரும் மூலத்தை மீண்டும் பார்க்கும் முறையை வைத்துக்கொண்டோம்.

படித்த பிறகு ஒலிப்புச் சிக்கல். சீகன்பால்க் காதால் கேட்டதை ஜெர்மன் எழுத்தில் எழுதியவர். குறில் நெடில் வேறுபாடு பெரும்பாலும் வராது. வல்லினம் சொல்லுக்கு நடுவில் மெலிந்து க, ‘g’ ஒலியாகவும் ட, த இரண்டும் ஒன்றாகவும் வரும். ஈற்றில் ‘அம்’ என்பது ‘உம்’ ஆகும்; ‘அர்’, ‘அன்’ இரண்டும் ‘எர்’, ‘என்’ ஆகும். புராணம் ‘புரானும்’ ஆனதும் வள்ளுவர் ‘வல்லுவெர்’ ஆனதும் இப்படித்தான். இந்த விதிகளைச் சரிபார்க்க ஓர் உரைகல் இருந்தது நல்லூழ். நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் அவரே 1708இல் ஜெர்மனில் பெயர்த்தார். அது 1930இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அங்கே அவற்றின் பெயர்கள் ‘நிதி வுன்பா’, ‘கொண்டெய் வெந்தென்’, ‘உலக நிதி’ என்ற ஒலிப்பில் இருக்கின்றன. உள்ளே மொழிபெயர்ப்பு இருப்பதால் நூல் எது என்பதில் ஐயமில்லை. 13 விருத்தம் கொண்ட உலகநீதியையும் 91 அடி கொண்ட கொன்றை வேந்தனையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘ன்ற’ அவர் காதில் ‘ண்ட’ என்று விழுந்திருப்பது அங்கே பிடிபட்டது. ஒப்பிட்டுத் தந்த ஆசிரியர்களுக்கு மிக்க நன்றி. மற்ற பெயர்களைத் திறக்க அதுவே சாவி.

ஆனால் பெயர் தெரிந்தால் நூல் தெரிந்துவிடாது. ‘திருவிளையாடல்’ என்று ஒரு குறிப்பில் கண்டால், பெரும்பற்றப்புலியூர் நம்பி பாடியதா, பரஞ்சோதி முனிவர் பாடியதா என்று கேட்க வேண்டும். இரண்டிலும் 64 விளையாடல்தான், வரிசை வேறு. சதகங்களுக்கும் தலபுராணங்களுக்கும் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். இங்கேதான் பட்டியலில் நூற்பெயருக்குக் கீழே சீகன்பால்க் எழுதிய குறிப்புகள் உதவுகின்றன. அவற்றைக் கண்டனமென்று ஒதுக்கிவிடாமல், நூலில் என்ன கதை, எந்தத் தெய்வம், எத்தனை பிரிவு, பள்ளியில் படிப்பதா, எளிதா கடினமா என்று அவர் போகிற போக்கில் சொல்வதைப் பொறுக்கினால் நூல் அகப்படும். எங்கள் கணிப்பில், அந்தக் குறிப்புகள் நூற்பெயர்களைவிட நம்பத்தக்கவை.

அப்படிப் பொறுக்கிய தகவலை வைத்து, “இது இந்தப் புராணத்தில் இந்தப் படலம்” என்று நினைவிலிருந்தே சொன்ன ஓதுவார்களுக்கும் புராணம் வாசிக்கும் பெரியவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது? அச்சு நூல் எதிலும் இல்லாத பெயர் வழக்குகளும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. ஒரு நூலை ஊரில் பாடல் முதலாலோ தெய்வப் பெயராலோ அழைப்பது இன்றும் உண்டு.

சுவடி நூலகங்களில் ஏடு பிரித்துப் பார்த்தவர்கள் சந்தித்தது வேறு வகைத் தொல்லை. பனையோலைக்குத் தலைப்புப் பக்கம் இல்லை. கட்டின்மேல் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டு பிற்காலத்தது. கட்டினுள் ஐந்து நூல் இருக்க, முதல் நூலின் பெயரை மட்டும் சொல்லும். ஏட்டின் தலையில் ‘அரி ஓம் நன்றாக, குரு வாழ்க, குருவே துணை’ என்று எழுதியவர் இட்ட மங்கல வாசகம் சில அட்டவணைகளில் நூலின் முதல் அடியாகவே ஏறிவிட்டது. அடுத்து வரும் பிள்ளையார் காப்பும் பிரதிக்குப் பிரதி மாறும். ஆகவே காப்புக்குப் பிந்திய முதற்செய்யுளை எடுத்துச் செய்யுள் முதற்குறிப்பு அகராதியில் தேடுவதே சரியான வழி. தேடும்போதும் ஓலையில் புள்ளி இருக்காது, எ-ஏ, ஒ-ஓ பேதம் இருக்காது, ரகரமும் கால் குறியும் ஒன்றே. ‘கெர’, ‘கேர’, ‘கொ’, ‘கோ’ நான்கையும் போட்டுப் பார்த்தாக வேண்டும். ஏடு முன்பின் கலைந்திருந்தால் இடது ஓரத்துத் தமிழ் எண்ணைவிடச் செய்யுள் எண்ணை நம்பலாம். இதையெல்லாம் பொறுமையாகச் செய்து, இரு பக்கமும் அளவுகோலோடு, பக்கவாட்டில் வெளிச்சம் விழப் படமெடுத்து அனுப்பியவர்களுக்குக் கைகூப்புகிறோம். மை போன ஏட்டை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது என்று கண்டித்துச் சொன்ன பாதுகாப்புப் பிரிவினருக்கும்தான்.

ஆண்டுக் கணக்கு பார்த்துத் தந்த பஞ்சாங்கக்காரர்களை மறக்க முடியாது. ஈற்றுக் குறிப்பில் ‘சர்வதாரி வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1708ஆகவும் இருக்கலாம், 1648ஆகவும் 1768ஆகவும் இருக்கலாம். 1708 என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும் ஆசைதான் பெரிய ஆபத்து. மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம் நான்கும் பொருந்தினால் ஒழிய அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சுழற்சியின்றித் தொடர்ந்து எண்ணும் கொல்லம் ஆண்டோ சக ஆண்டோ கூட இருந்த ஏடுகளில் மட்டும் வேலை சுருக்கமாக முடிந்தது.

கத்தோலிக்கப் பகுதிக்கு உதவிய குருமார்கள் ஒரு கட்டுப்பாட்டை நினைவூட்டினார்கள்: 1708க்குப் பிந்திய எதுவும் இங்கே வர இயலாது. வீரமாமுனிவர் இந்தியாவுக்கு வந்ததே அதற்குப் பின், தேம்பாவணி 1726. ‘ஞானோபதேசம்’ என்ற பெயர் பல நூல்களுக்குப் பொது என்பதால், அந்தப் பெயர் ஒன்றை மட்டும் வைத்து தத்துவ போதகர் (ராபர்ட் டி நொபிலி) தலையில் எதையும் ஏற்றிவிட வேண்டாம் என்றும் எச்சரித்தார்கள். இசுலாமியப் பகுதி சிறிது. மசலா, நாமா, கிஸ்ஸா என்பவை இலக்கிய வகைப் பெயர்கள், தனி நூலின் பெயர்கள் அல்ல என்று விளக்கிய நாகூர், காரைக்கால் அன்பர்களுக்கு எங்கள் சலாம்.

‘தெரியவில்லை’ என்று எழுதியவர்களுக்குத் தனி நன்றி. ஊகத்தை உறுதிபோல எழுதிவிட்டால், அடுத்து வருபவர் அதை மேற்கோளாக எடுத்துக்கொள்வார், அதற்கப்புறம் பிடுங்கி எறிவது கடினம். அட்டவணையில் ஒவ்வொரு நூலுக்கும் எதிரே ‘உறுதி’, ‘இருக்கலாம்’, ‘தெரியவில்லை’ என்ற மூன்றில் ஒன்றை இட்டிருக்கிறோம். ‘உறுதி’ என்று இடுவதற்குப் பெயரும் உள்ளடக்கமும் இரண்டுமே பொருந்த வேண்டும். இனங்கண்டது நூலைத்தானே தவிர அவர் கையிலிருந்த அதே ஏட்டை அல்ல என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். அவருடைய ஏடுகளில் மிகப் பல இன்று இல்லை. நாம் காட்டுவது அதே நூலின் வேறு பிரதியை.

உங்கள் வீட்டிலோ மடத்திலோ உள்ள ஏட்டைக் கொண்டு திருத்தம் அனுப்ப விரும்பினால், காப்புக்குப் பிந்திய முதற்செய்யுள், கடைசிச் செய்யுள், செய்யுள் தொகை, ஏட்டின் எண்ணிக்கை, ஈற்றுக் குறிப்பு ஆகியவற்றை ஓலையில் உள்ளபடியே, புள்ளி சேர்க்காமல், சந்தி பிரிக்காமல் எழுதுங்கள். கட்டின்மேல் உள்ள சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தனி வரியில் குறித்தால் போதும்.

நன்றியுடன்,
அட்டவணை தயாரித்த வாசிப்புக் குழுவினர்