தங்கூஸும் ஒரு சிட்டிகை உப்பும்

அப்பாவுக்கு,

இங்க கியோட்டோல மழைக்காலம் ஆரம்பிச்சாச்சு, ஜூன்ல பிடிச்சா ஜூலை பாதி வரைக்கும் நசநசன்னுதான் இருக்கும், துவைச்சுப் போட்டது ரெண்டு நாளாகியும் காயல, ஈரச் சட்டையோடதான் லேபுக்குப் போறேன், அம்மாகிட்ட சொல்லாதீங்க.

அங்க என்னதான்டா பண்றன்னு போன்ல கேட்டீங்கல்ல. இங்க கடைல தூண்டிலுக்கு ஒரு தங்கூஸ் விக்குது, தண்ணிக்குள்ள மீன் கண்ணுக்கு லேசுல தெரியாது, நைலான் மாதிரி மிதக்காம அமுங்கும். அது பிவிடிஎஃப்னு ஒரு பிளாஸ்டிக். அதையே இழுத்து, கரண்ட் காட்டி எடுத்தா அமுக்குறப்ப மின்சாரம் வரும்னு 1969-லயே கவாய்ங்கற ஜப்பான்காரர் கண்டுபிடிச்சுட்டார். நான் அதைக் கரைச்சு, ஊசி வழியா 15,000 வோல்ட்ல இழுத்து முடிய விட மெல்லிசா நூலாக்கி துணி மாதிரி படிய விடுறேன். கையில ஒட்டினா பேட்டரி இல்லாமலே நாடித் துடிப்பு சிக்னலா வரணும். போன் சார்ஜ் ஏறுமான்னு கேக்காதீங்க, அதுக்கெல்லாம் பத்தாது.

இதுல விஷயமே உப்புதான். அந்த பிளாஸ்டிக் சங்கிலில ஒரு பக்கம் ஃப்ளூரின் ஒரு பக்கம் ஹைட்ரஜன், சும்மா விட்டா முறுக்கிக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கும், மின்சாரம் வராது. லித்தியம் குளோரைடுங்கற உப்பு கொஞ்சூண்டு போட்டா உப்போட அயனி அதுங்கள புடிச்சு ஒரே பக்கமா திருப்பி விடும், கரைசல்ல கரண்ட் நல்லா ஓடுறதால நூலும் மெலிசாகும். கூடிப்போச்சுன்னா ஊசி முனைல சிதறும், கருவாட்டுக்கு நீங்க கைக்கணக்குல போடுவீங்களே அந்தக் கணக்கு எனக்கு இன்னும் வரல. அதோட இந்த உப்பு ஐப்பசில நம்ம வீட்டு உப்பு ஜாடிய விட மோசமா தண்ணி விடுது, மழைக்காலத்துல எடை போடுறதுக்குள்ள கசிஞ்சுடும்.

போன மாசம் சிக்னல் எகிறுச்சுன்னு குதிச்சேன், கடைசில பாத்தா என் ஜெர்கின் உரசின கரண்டு. நூல்லருந்து வந்த நிஜ சிக்னல்னா ரெண்டு வயரையும் மாத்திப் போட்டா தலைகீழாகணும், ஆகல. மானம் போச்சு.

ஊருக்கு வர்ற பையன்கிட்ட அந்தத் தங்கூஸ் ஒரு சுருள் குடுத்து விடுறேன், பாறை மீனுக்குப் போட்டுப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க. நம்ம படகு எஞ்சின் வேலை முடிஞ்சுதா?