எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் கோளாறு தீர்ந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளியலறைச் சமாசாரத்தையெல்லாம் பத்திரிகைக்கு எழுதுவார்களா என்று என் மருமகள் கேட்டாள். உயிர் போகிற சமாசாரமாக இருந்தால் எழுதலாம் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு பள்ளத்தூரில் இருக்கிறது. ஐந்து புள்ளிகளுக்கு, அதாவது ஐந்து குடும்பங்களுக்கு, பொதுவான வீடு. ஆனால் ஆண்டு முழுவதும் விளக்கேற்றுகிறவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம் என்றால் வருவார்கள். வந்தால் முப்பது பேருக்குக் குறையாது. முகப்பில் செருப்பைக் கழற்றும்போதே, "ஆச்சி, வெந்நீர் இருக்கிறதா?" என்பார்கள். முன்பெல்லாம் இரண்டாங்கட்டில் ஒரு செம்புப் பாய்லர் இருந்தது. விடியற்காலையில் கரியைப் போட்டுவிட்டால் உச்சிவரை வெந்நீருக்குக் கவலை இல்லை. இப்போது அதற்குப் புளி போட்டுத் துலக்கி வளவில் (நடுமுற்றத்தில்) அலங்காரமாக நிறுத்தியிருக்கிறார்கள். அதன் வேலையைச் சுவரில் மாட்டிய 25 லிட்டர் மின்சார ஹீட்டர் பார்க்கிறது. வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற ஐப்பசியிலிருந்தே அது சரியில்லை. போட்டால் இட்லிக் கொப்பரை கொதிப்பதுபோல் உள்ளே ஒரு சலசலப்பு. சிவப்பு விளக்கு முன்னைவிடச் சீக்கிரம் அணைந்துவிடும். ஆனால் இரண்டு வாளி வந்த இடத்தில் முக்கால் வாளிதான் சூடாக வரும். மார்கழி பிறந்ததும் புதிதாக ஒரு வம்பு. ஹீட்டரைப் போட்ட ஐந்தாவது நிமிடம் வீடு முழுக்க மின்சாரம் நின்றது. மெயினில் இருக்கும் ஆர்.சி.சி.பி. பெட்டி, அதாவது மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் தானாக நிறுத்தும் சுவிட்ச், விழுந்துவிட்டது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. படைப்புக்கு இன்னும் இருபது நாள்.

முதலில் வந்த எலக்ட்ரீசியன் கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். ஹீட்டரைப் போட்டுக் காட்டினார். பெட்டி விழவில்லை. "இனிமேல் விழாது ஆச்சி" என்று முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். எனக்கும் மகிழ்ச்சிதான். மறுநாள் காலையில் குழாயைத் திருகினேன். விரல் நுனியிலிருந்து முழங்கைவரை விறுவிறு என்று ஏறியது. ரப்பர் செருப்புப் போட்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் வேறு யாராவது வேறு பக்கத்துக்கு விளம்பரம் கொடுத்திருப்பார்கள்.

அவர் செய்த வேலை என்னவென்று பிறகுதான் தெரிந்தது. பிளக்குக்குள் இருந்த பச்சை நிற எர்த் கம்பியைக் கழற்றி, டேப் சுற்றி, உள்ளேயே மடக்கி வைத்திருந்தார். ஹீட்டரிலிருந்து கசியும் மின்சாரம் எர்த் கம்பி வழியாகப் பூமிக்குப் போனது. போன மின்சாரம் திரும்பி வரவில்லை என்பதைக் கண்டுதான் அந்தப் பெட்டி விழுந்தது. கம்பியைக் கழற்றிவிட்டதால் கசிவு நின்றுவிடவில்லை. போக வழியில்லாமல் தண்ணீரிலும் குழாயிலும் காத்திருந்தது. ஈரக்காலோடு ஒருவர் தொட்டால் அவரே வழியாகிவிடுவார். அப்போது பெட்டி விழக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் விழுகிறதா இல்லையா என்று பார்க்கும் சோதனைக் கம்பி நாமல்லவா? அந்தக் காலத்து இரும்புக் குழாயாக இருந்தால் கசிவில் கொஞ்சம் அது வழியாகவாவது மண்ணுக்கு இறங்கியிருக்கும். இப்போது எல்லா வீட்டிலும் பிளாஸ்டிக் குழாய்.

அடுத்து, ஹீட்டர் நிறுவனத்தின் சேவை மையத்திலிருந்து ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம். மூடியைக்கூடக் கழற்றவில்லை. காதை வைத்துச் சத்தத்தைக் கேட்டார். "டேங்க் போய்விட்டது அம்மா. புதிது வாங்கிவிடுங்கள்" என்று பதினோராயிரத்துச் சொச்சம் விலை எழுதிய தாளை நீட்டினார். திறந்து பார்க்காமலேயே டேங்க் போய்விட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அனுபவம் என்றார். கணக்கெழுதிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவளிடம் அனுபவத்தைக் காட்டிப் பதினோராயிரம் கேட்கலாமா?

மூன்றாவதாகக் காரைக்குடியிலிருந்து ஒரு தம்பியை அழைத்தேன். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். ஹீட்டர் தன் தொழில் இல்லை என்று தயங்கினார். திறந்து பார்த்துச் சொன்னால் போதும் என்றேன். அவர் முதலில் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயினையே இறக்கினார். இறக்கிய பிறகும் டெஸ்டரால் தொட்டுப் பார்த்தார். பிறகு தண்ணீரை வடிக்க ஆரம்பித்தார். தண்ணீர் உள்ளே போகும் குழாயில் ஒரு வால்வு இருக்கிறது. அது தண்ணீரை ஒரு பக்கம்தான் விடும். அதனால் குழாயைக் கழற்றினாலும் டேங்க் தானாக வடியாது. வால்வின் சிறு நெம்புகோலைத் தூக்கி, வெந்நீர்க் குழாயையும் திறந்து காற்று போக விட்டால்தான் வடியும். கீழ்மூடியைக் கழற்றி, போல்ட்டுகளை எடுத்து, வட்டத் தகட்டை இறக்கியபோது டேங்கிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது. பாண்டு சட்டியில் பிடித்தோம். அளந்தேன். அரைப் படி இருந்தது. முட்டை ஓட்டைப் பொடித்ததுபோல இருந்தது. ஹீட்டர் கம்பியைக் காணவே முடியவில்லை. சுற்றிலும் சுண்ணாம்பு விரல் பருமனுக்கு அப்பியிருந்தது. சூடு போதுமானதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் போய் உட்காரும் குழலையும் அந்தச் சுண்ணாம்பு கம்பியோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தது. விளக்கு ஏன் சீக்கிரம் அணைந்தது என்பது எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. தெர்மோஸ்டாட் தண்ணீரின் சூட்டைப் பார்க்கவில்லை, கம்பியின் சூட்டைப் பார்த்துக்கொண்டு அணைந்திருக்கிறது.

பிறகு மீட்டரை வைத்தார். கம்பியின் இரு முனைகளுக்கும் நடுவே 26 ஓம். 2000 வாட் கம்பிக்கு அது சரியான அளவு. நானும் கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தேன்: 230-ஐ 230-ஆல் பெருக்கி 2000-ஆல் வகுத்தால் 26.45. கம்பி அறுந்துபோகவில்லை என்று அர்த்தம். அடுத்து, ஒரு முனைக்கும் கம்பியை மூடியிருக்கும் உலோக மேல்குழலுக்கும் நடுவே வைத்தார். அங்கே எந்த எண்ணும் வரக் கூடாது. ஐயாயிரம் ஓம் என்று வந்தது. 230-ஐ 5000-ஆல் வகுத்தால் 46 மில்லி ஆம்பியர். எங்கள் வீட்டுப் பெட்டி 30 மில்லி ஆம்பியருக்கு விழுவது. அதன் மேலேயே அச்சடித்திருக்கிறது. பாவம், அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. கம்பியின் மேல்குழல் தன் சூட்டைத் தண்ணீருக்கு விடமுடியாமல், சுண்ணாம்புப் போர்வைக்குள் வெந்து வெந்து மயிரிழையாக விரிசல் விட்டிருந்தது. சுருளைச் சுற்றி உள்ளே அடைத்திருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடியில் ஈரம் ஏறிவிட்டது. கோளாறு இவ்வளவுதான்.

டேங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. விளக்கை வைத்து உள்ளே பார்த்தோம். கண்ணாடிப் பூச்சு அப்படியே இருந்தது. ஆனால் தகட்டில் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு ஒல்லிக் கம்பி துருத்திக்கொண்டிருந்தது. அது என்ன என்றேன். "அதுதான் ஆச்சி ஆனோடு. இருந்த இடம் இது" என்றார் தம்பி. விரல் பருமனுக்கு இருக்க வேண்டிய மெக்னீசியம் முழுக்கக் கரைந்து, நடுவிலிருந்த இரும்பு நரம்பு மட்டும் மிச்சம். டேங்க் இரும்பு துருப்பிடிக்காமல் இருப்பதற்காக அதற்குப் பதிலாகத் தான் அரிக்கப்படுவதற்கென்றே வைத்த உலோகம் அது. முன்னால் நிற்கிறவன் அடி வாங்கினால் பின்னால் நிற்கிறவன் தப்பிப்பான் என்பதுதான் அந்த ஏற்பாடு. அது தீர்ந்த பிறகு, பூச்சில் எங்காவது ஊசி முனை அளவு விட்டுப்போயிருந்தால் அங்கிருந்து டேங்க் அரிக்கத் தொடங்கும். இன்னும் ஓராண்டு விட்டிருந்தால் சேவை மையத்துக்காரர் சொன்னது பலித்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இரும்பு ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்று ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எங்களுக்குப் பக்கத்தில் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்டது. எங்கள் அப்பச்சி அந்தக் கதையைச் சொல்லாத நாளே இல்லை. அப்படிப்பட்ட ஊரில், ஹீட்டருக்குள் ஆனோடு என்று ஒன்று இருக்கிறது, அதை மாற்ற வேண்டும் என்பது விற்ற கடைக்காரருக்கும் தெரியவில்லை, வாங்கிய எனக்கும் தெரியவில்லை. உத்தரவாத அட்டையைத் தேடி எடுத்தேன். எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில், கடைசிக்கு முந்தைய வரியில் இருக்கிறது: ஆனோடை அவ்வப்போது பார்த்து, வாங்கியவர் செலவில் மாற்ற வேண்டுமாம். கடினமான தண்ணீரால் வரும் கோளாறுக்கு உத்தரவாதம் இல்லையாம். படம் போட்டு, நட்சத்திரம் போட்டு, பளபளவென்று அச்சடித்த முன்பக்கத்தில் இதற்கு ஒரு வரி தமிழில் இடமில்லையா?

எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதைச் சமையலறையில் கேட்டால் போதும். பருப்பு லேசில் வேகாது, சோப்பு நுரைக்காது. குடிநீருக்கு மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை. எங்கள் தண்ணீர் இதில் எந்தப் பக்கம் என்பதை அந்த அரைப் படிச் சுண்ணாம்பே சொல்லிவிட்டது. இந்த வீட்டைக் கட்டியவர்கள் விவரமானவர்கள். வளவுக் கூரையிலிருந்து விழும் மழைத் தண்ணீரை அண்டா அண்டாவாகப் பிடித்து வைத்தார்கள். அதில் சுண்ணாம்பு ஏது?

கடையில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) வாங்கி வெந்நீரில் கரைத்து, அதில் ஒரு சுண்ணாம்பு வில்லையைப் போட்டேன். சோடாபோலப் பொங்கிக் கரைந்தது. புதிய ஆனோடைப் பூட்டுவதற்கு முன்பே டேங்கையும் அந்தத் தண்ணீரால் அலசிவிட்டோம். ஆனோடு இருக்கும்போது ஊற்றினால் அதையும் தின்றுவிடும். ஒட்டியிருந்ததைச் சுரண்ட மரக்கரண்டிதான். இரும்பு பட்டால் உள்பூச்சு தெறித்துவிடும். புதிய ஹீட்டர் கம்பி 750 ரூபாய், ஆனோடு 300, ரப்பர் வளையம் 60, எலுமிச்சை உப்பு 110, தம்பிக்குக் கூலி 500. ஆக 1,720 ரூபாய். பதினோராயிரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எர்த் கம்பியை முதல் வேலையாகப் பூட்டியதற்குத் தம்பி காசு வாங்கவில்லை. பூட்டிவிட்டு, ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய பொத்தானை அழுத்திக் காட்டினார். டக்கென்று விழுந்தது. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அமாவாசைதோறும் செய்கிறேன்.

எங்களைப் போலப் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து வந்து வெந்நீரைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். குழிக்குள் எலி செத்துக் கிடக்கிறது என்று எங்கள் சின்னக் கொழுந்தனார் சாக்கடையைத் தோண்டிப் பார்த்தார். தேங்கிய தண்ணீரில் வளரும் கிருமியும் அந்த மெக்னீசியமும் சேர்ந்து செய்கிற வேலை அது. பூட்டும்போது டேங்கை வடித்துவிட்டுப் போனால் இது வராது. ஆனால் வடித்துவிட்டால், திரும்பி வந்ததும் மறந்துபோய் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது. தண்ணீர் இல்லாத டேங்கில் கம்பி வெறுமனே காய்ந்து கருகிவிடும். மேல்தொட்டியை நிரப்பி, வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் தடையில்லாமல் வந்த பிறகுதான் சுவிட்ச். எங்கள் வீட்டில் இதைத் தமிழில் எழுதிச் சுவிட்சுக்கு மேலேயே ஒட்டியிருக்கிறேன். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்காகப் பக்கத்தில் ஒரு படமும் வரைந்திருக்கிறேன்.

தண்ணீர் சூடாகும்போது, உள்ளே போகும் குழாயில் இருக்கும் அந்த வால்வின் துளையில் சொட்டுச் சொட்டாக வடிந்தால் பதற வேண்டாம். சூடானால் தண்ணீர் பெருகும். 25 லிட்டருக்கு ஒன்றிரண்டு டம்ளர் கூடும். அது வெளியே வரத்தான் அந்தத் துளை. ஒழுகுகிறது என்று யாரோ பசை வைத்து அடைத்த வீட்டையும் நான் பார்த்திருக்கிறேன். அடைத்தவரும் எலக்ட்ரீசியன்தான்.

படைப்புக்கு முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். எல்லாரும் வெந்நீரில் குளித்தார்கள். எர்த் கம்பியைக் கழற்றியவரையும் கூப்பிட்டனுப்பி, பட்டாலையில் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, அந்தக் கம்பியின் கதையைச் சொன்னேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கிறோம் ஆச்சி என்றார். அந்த "எல்லா வீட்டிலும்" என்ற சொல்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. எந்தெந்த வீடுகள் என்று பட்டியல் கேட்டேன். இதுவரை நான்கு வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்.

அட்டையின் முன்பக்கத்தில் ஆனோடைப் பற்றித் தமிழில் அச்சடிக்கச் சொல்லி நிறுவனத்துக்குத் தபால் அனுப்பி நாற்பது நாள் ஆகிறது. கரைந்துபோன கம்பியின் புகைப்படத்தையும் வைத்திருந்தேன். பதில் வந்தால் தங்களுக்கும் ஒரு நகல் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.