ஃப்ளஷ் ஊற்றும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காருக்கு ஆயில் மாற்றப் போனால், "இன்ஜின் ஃப்ளஷும் போட்டுவிடலாமா?" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பழைய ஆயிலை வடிக்கும் முன் அதில் ஊற்றி, இன்ஜினுக்குள் படிந்த கசடைக் கழுவும் திரவம்தான் ஃப்ளஷ். அந்தக் கேள்விக்கு இன்ஜினைப் பார்க்காமல் பதில் சொல்லக் கூடாது. பார்க்காமல் கேட்கவும் கூடாது.

ஃப்ளஷ் டப்பாவில் இருப்பது பெரும்பாலும் மெல்லிய பெட்ரோலியக் கரைப்பானும் கசடைப் பிரித்தெடுக்கும் டிடர்ஜென்ட்டும்தான். பொதுவாக 300 முதல் 450 மில்லி வரை வரும். ஆனால் தரமான இன்ஜின் ஆயிலிலேயே கசடைக் கழுவும் கால்சியம், மெக்னீசியச் சேர்மங்களும், கரியைத் திரளவிடாமல் மிதக்க வைக்கும் பொருள்களும் உண்டு. சரியான ஆயிலைக் காலம் தவறாமல் மாற்றிவரும் இன்ஜினில் ஃப்ளஷுக்குத் தனியாக வேலை எதுவும் மிச்சமிருக்காது. வடித்த ஆயில் கறுப்பாக இருப்பதைக் காட்டி ஃப்ளஷ் தேவை என்பதும் சரியல்ல. டீசல் இன்ஜினில் புது ஆயிலே சில நாளில் கறுத்துவிடும். கரியை எங்கும் படியவிடாமல் ஆயில் தன்னோடு சுமக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் பக்கத்து உலோகம் தேன் நிறத்தில் மினுங்கினால் கவலையில்லை. பழுப்பு நிறத்தில் லேசாகப் படிந்திருந்தால் ஃப்ளஷ் பற்றி யோசிக்கலாம். தார் மாதிரி, நகத்தால் சுரண்டினால் கட்டியாகப் பெயர்ந்து வந்தால் ஃப்ளஷைத் தொடவே வேண்டாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இன்ஜினின் கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்பின் அடியில் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை உண்டு. ஆயில் ஃபில்டர் பம்ப்புக்கு அப்புறம்தான் வருகிறது. வலைக்கு முன்னால் தடுக்க எதுவும் இல்லை. வருடக்கணக்கில் ஒட்டியிருந்த கசடு ஃப்ளஷ் பட்டதும் முழுவதும் கரைவதில்லை, செதில் செதிலாகப் பெயர்கிறது. அந்தச் செதில்கள் நேராக வலையில் போய் அப்பிக்கொள்ளும். பம்ப்புக்கு ஆயில் கிடைக்காது, பிரஷர் இறங்கும், வால்வுப் பக்கம் டக்டக்கென்று டேப்பெட் சத்தம் கேட்கும், சிவப்பு ஆயில் விளக்கு மினுங்கும். அதற்கு மேல் ஒரு நிமிடம் ஓட்டினாலும் டர்போவும், பிஸ்டன் தண்டைச் சுழல் தண்டான கிராங்க்கோடு இணைக்கும் பிக் எண்ட் பேரிங்கும் தேய்ந்துபோகலாம். இப்படிப்பட்ட இன்ஜினுக்குச் சரியான வழி, சம்பைக் கழற்றி வலையையும் சம்பையும் கையால் சுத்தம் செய்வதுதான்.

கேம்ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும் இன்ஜின்கள் இப்போது வருகின்றன. கரைப்பான் பட்டால் அந்தப் பெல்ட்டின் ரப்பர் ஊறிச் சிதையும், அந்தத் தூளும் அதே வலையைத்தான் அடைக்கும். இவற்றுக்கு, தயாரிப்பாளர் அனுமதிக்காத ஃப்ளஷ் எதுவும் ஆகாது. டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவும் பழைய பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். ஆயில் எவ்வளவு நீர்த்துப்போகும், இன்ஜின் எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாரும் அளந்து பார்க்காத முறை அது.

போடுவதென்றே முடிவானால் முறையாகப் போடுங்கள். முதலில் டிப்ஸ்டிக் பாருங்கள். அளவு ஏற்கெனவே மேல்கோட்டில் இருந்தால் கொஞ்சம் ஆயிலை எடுத்துவிட்டு ஊற்றுங்கள். மிகுந்துபோனால் கிராங்க் அடித்து நுரை கட்டிவிடும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஊற்றி, டப்பாவில் சொன்ன நேரம் மட்டும், வழக்கமாக 5 முதல் 15 நிமிடம், ஐடிலிங்கில் விடுங்கள். ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கூடாது, வண்டியை நகர்த்தவும் கூடாது. அந்த நேரத்தில் ஆயில் நீர்த்திருக்கும். பேரிங்கில் லோடு ஏறினால் தாங்காது. சமதளத்தில் நிறுத்தி, சூட்டோடு, சொட்டுவது நிற்கும்வரை வடியுங்கள். அப்படியும் பழைய ஆயில் கொஞ்சம் உள்ளே தங்கும், அதோடு ஃப்ளஷும் தங்கும். அவசரமாக வடித்தால் புது ஆயில் முதல் நாளே நீர்த்துவிடும்.

ஃபில்டரைக் கட்டாயம் மாற்ற வேண்டும். பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது வளையத்தில் ஆயில் தடவி, வளையம் இன்ஜினைத் தொட்டபின் முக்கால் சுற்று கையாலேயே இறுக்கினால் பெரும்பாலான ஃபில்டர்களுக்குப் போதும். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள்.

லேசான படிவுக்கு ஃப்ளஷைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மேனுவலில் சொன்ன ஆயிலையே, ஃபில்டரோடு சேர்த்து, 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். ஆயிலிலுள்ள டிடர்ஜென்ட் மெதுவாகக் கரைத்து, ஃபில்டர் பிடிக்கும் அளவுக்குப் பொடியாகக் கொண்டுவரும். செலவு கூடுதல்தான், ஆனால் வலை அடைபடும் வாய்ப்பு மிகவும் குறைவு. கூடவே, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்திருந்தால் எத்தனை முறை கழுவினாலும் கசடு திரும்ப வரும்.

சர்வீஸ் நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஃப்ளஷ் போடும் முன் மூடியைத் திறந்து வண்டிக்காரருக்கே உள்ளே காட்டுங்கள். எந்த ஃப்ளஷ், எத்தனை மில்லி, எத்தனை நிமிடம் என்பதைப் பில்லில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாகனப் பராமரிப்புப் பணியாளர் ஒருவர்