சென்ட்ரல் பார்க் வெப்பநிலைச் சந்தையில் உங்கள் செயலி காட்டிய தவறான உச்ச அளவு குறித்த புகார்

அனுப்புநர்
நியூஜெர்சியில் வசிக்கும் உங்கள் வாடிக்கையாளர் (கணக்கு விவரம் இணைப்பில்)

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: நியூயார்க் நகரின் அன்றாட உச்ச வெப்பநிலை ஒப்பந்தத்தில் 207 டாலர் 59 சென்ட் இழப்பும் அதற்குக் காரணமான திரைத் தகவலும்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வாடிக்கையாளர் தமக்கு வசதியான மொழியில் எழுதலாம் என்று உங்கள் உதவிப் பக்கம் சொல்கிறது. ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதியும் நான் கேட்டதற்கு விடை வராமல், கேட்காத ஒன்றுக்கே மூன்று முறையும் விடை வந்ததால், இம்முறை எனக்குத் தெளிவாக எழுத வருகிற மொழியில் எழுதுகிறேன்.

முதலில் நான் எதைப் பற்றிப் புகார் செய்யவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நகரின் அன்றைய உச்ச வெப்பநிலை இரண்டிரண்டு டிகிரியாகப் பிரித்த கட்டங்களில் எதில் அமையும் என்று பணம் வைத்து வாங்கும் ஒப்பந்தம் இது; கட்டம் சரியானால் ஒன்றுக்கு ஒரு டாலர் கிடைக்கும், தவறினால் ஒன்றுமில்லை. அன்றைய ஒப்பந்தத்தை நீங்கள் 89 டிகிரி ஃபாரன்ஹீட் என்று வைத்துக் கணக்கு முடித்தது சரியே. தேசிய வானிலைச் சேவையின் நியூயார்க் அலுவலகம் மறுநாள் அதிகாலையில் வெளியிடும் அன்றாடக் காலநிலை அறிக்கையில் சென்ட்ரல் பார்க்கின் உச்ச அளவாக என்ன அச்சாகிறதோ அதுவே இறுதி என்று உங்கள் விதி சொல்கிறது. அறிக்கையில் 89 என்றுதான் இருந்தது. அதை மாற்றுங்கள் என்று நான் எந்தக் கடிதத்திலும் கேட்டதில்லை. பணம் வைக்கும் பொத்தானுக்கு மேலே, பெரிய எழுத்தில், "இன்றைய உச்சம் இதுவரை: 90" என்று உங்கள் செயலி பிற்பகல் முழுவதும் காட்டிக்கொண்டிருந்ததே, அதைப் பற்றித்தான் இந்தப் புகார்.

நடந்தது இதுதான். கடந்த ஜூலையில் ஒரு வேலைநாள் (தேதியும் வர்த்தக எண்களும் இணைப்பில் உள்ளன), மதியம் 2.20 மணியளவில் அந்த உச்ச அளவு 88-இலிருந்து 90-க்குத் தாவியது. இடையில் 89 என்ற எண் திரையில் வரவே இல்லை என்பதை நான் அப்போதே கவனித்தேன். வெயில் ஏறுகிற வேகம் போலும் என்று விட்டுவிட்டேன். பிறகு மேகம் திரண்டு வெப்பம் தணியத் தொடங்கியது. ஒரு நாளின் உச்ச வெப்பநிலைக்கு ஒரு குணம் உண்டு: ஏறியது ஏறியதுதான், அதற்குப் பிறகு எவ்வளவு குளிர்ந்தாலும் அது இறங்காது. ஆகவே, உச்சம் 90-ஐத் தொட்டுவிட்டது, இனி 92-க்கு ஏறவும் வழியில்லை, எனவே "90 முதல் 91 வரை" என்ற கட்டம் ஏறத்தாழ உறுதி என்று கணக்குப் போட்டு, 2.41 மணிக்கு 82 சென்ட் வீதம் 250 ஒப்பந்தங்கள் வாங்கினேன். 205 டாலர் விலை, 2 டாலர் 59 சென்ட் உங்கள் கட்டணம். மாலை ஐந்து மணிக்குள் வானிலைச் சேவையின் முதற்கட்ட அறிக்கை 89 என்ற உச்சத்தோடு வெளிவந்தது. நான் 82 சென்ட்டுக்கு வாங்கியது 3 சென்ட்டுக்கு வீழ்ந்தது. அப்போது நான் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் இரண்டும் ஒரே திரையில் இருக்கின்றன: மேலே "இன்றைய உச்சம் இதுவரை: 90", அதன் கீழேயே "90 முதல் 91 வரை: 3 சென்ட்". இரவு 11 மணிக்கும் அந்த 90 அங்கேதான் இருந்தது.

90 எங்கிருந்து வந்தது என்று உங்கள் பணியாளர்கள் சொல்லாததால் நானே தேடிக் கண்டுபிடித்தேன். கணக்குத் தணிக்கையில் இருப்பவன் என்பதால், இரண்டு எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது. சென்ட்ரல் பார்க்கில் உள்ள தானியங்கி வானிலை நிலையம் வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் முழு எண்ணாகக் கணக்கிடுகிறது. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வரும் தரவில் அந்த எண் முழு செல்சியஸாக மாற்றப்பட்டே வருகிறது. 89 ஃபாரன்ஹீட் என்பது 31.7 செல்சியஸ், முழு எண்ணாக்கினால் 32. 90 ஃபாரன்ஹீட் என்பது 32.2 செல்சியஸ்; அதுவும் 32. இந்த 32-ஐ மறுபடி ஃபாரன்ஹீட்டுக்குத் திருப்பினால் 89.6 கிடைக்கும், அதை முழு எண்ணாக்கினால் 90. ஆக நிலையத்தில் 89 என்று பதிவான வெப்பம், இருமுறை மாற்றப்பட்டு, உங்கள் திரைக்கு வரும்போது 90 ஆகிவிடுகிறது. எனக்கு அன்று நேர்ந்தது இதுதான். 89 திரையில் தோன்றாமலே போனதற்கும் இதுவே காரணம். உங்கள் செயலியில் 89 என்ற எண் ஒருநாளும் தோன்ற முடியாது.

இது 32-க்கு மட்டும் உரிய கோளாறும் அல்ல. 29 செல்சியஸ் என்று வந்தால் அது 84 ஆகவும் இருக்கலாம், 85 ஆகவும் இருக்கலாம். உங்கள் செயலி 84 என்கிறது. 31 என்றால் 87 அல்லது 88. செயலி 88 என்கிறது. 33 என்றால் 91 அல்லது 92; செயலி 91 என்கிறது. 25, 30, 35 என்று ஐந்தின் மடங்காக வரும் அளவுகளில் மட்டுமே ஐயத்துக்கு இடமில்லை. சில நேரம் ஒரு டிகிரி கூட்டிக் காட்டுகிறது, சில நேரம் ஒரு டிகிரி குறைத்துக் காட்டுகிறது. இரண்டிரண்டு டிகிரியாகக் கட்டம் பிரித்துப் பணம் வைக்கச் சொல்லும் சந்தையில் ஒரு டிகிரி என்பது முழுப் பணமும் போவதற்குப் போதுமானது.

எண்ணைச் சரியாகக் காட்ட வழியே இல்லை என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஒவ்வொரு மணியிலும் 51-ஆம் நிமிடத்தில் வரும் அறிக்கையில் செல்சியஸ் பத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாக இருக்கிறது. அதிலிருந்து சரியான ஃபாரன்ஹீட்டைப் பெற முடியும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, கோடையில் நியூயார்க் நேரப்படி மதியம் 1.51-க்கும் இரவு 7.51-க்கும், அந்த இடைவெளியின் உச்ச அளவும் தனிக் குறியீடாக வருகிறது. அன்று இரவு 7.51 அறிக்கையில் அது 10317 என்று இருந்தது. முதல் இலக்கம் உச்சம் என்பதையும், அடுத்த பூஜ்யம் பூஜ்யத்துக்குக் கீழே இல்லை என்பதையும், மீதி மூன்றும் 31.7 என்பதையும் குறிக்கும். அதாவது 89. வெளிப்படையாக எவரும் படிக்கக்கூடிய இந்த ஐந்து இலக்கங்களை உங்கள் செயலி படித்திருந்தால் 7.51-க்காவது அந்த 90 மறைந்திருக்கும்.

என் முதல் கடிதத்துக்கு வந்த பதில், சந்தைகள் விதிப்படியே முடிக்கப்படுகின்றன என்றது. இரண்டாவது பதில் அதே பத்தி, கீழே வேறொருவர் பெயர். மூன்றாவது பதில்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது: திரையில் காட்டப்படும் வானிலைத் தரவு வெளி நிறுவனம் ஒன்றிடமிருந்து பெறப்படுவது, தகவலுக்காக மட்டுமே காட்டப்படுவது, அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று அதில் இருந்தது. சந்தையில் முத்திரையிட்ட தராசு ஒன்றை உள்ளறையில் வைத்துக்கொண்டு, முத்திரையில்லாத தராசை வாசலில் வைத்து நிறுத்துக் காட்டி விலை பேசுகிற கடைக்காரரும் இதையேதான் சொல்வார். தகவலுக்காக மட்டும் என்றால் அந்த வாசகம் எண்ணுக்குப் பக்கத்தில் அல்லவா இருக்க வேண்டும்? விதிமுறைப் பக்கத்தின் அடியில், நான்கு முறை திரையை நகர்த்திய பிறகுதான் அது என் கண்ணில் பட்டது.

என் பங்குத் தவறையும் மறைக்கவில்லை. உறுதியான ஒன்று 82 சென்ட்டுக்கு ஏன் கிடைக்கிறது என்று நான் அன்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும். 32 என்பது இரண்டு எண்களில் எதுவாகவும் இருக்கலாம் என்று தெரிந்த எவரோதான் எனக்கு விற்றிருக்கிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, படித்தவர் படிக்காதவரிடம் வெல்வது எந்தச் சந்தையிலும் நடப்பது. ஆனால் அவருடைய அறிவுக்கும் என்னுடைய அறியாமைக்கும் நடுவே தவறான எண் ஒன்றை நீங்கள் நட்டு வைத்திருக்கிறீர்கள். வாங்குபவரிடமும் விற்பவரிடமும் கட்டணம் வாங்குகிற நீங்கள் இருவருக்கும் பொதுவானவர்களாக இருக்க வேண்டியவர்கள்.

சூதாட்ட விடுதி அல்ல, கூட்டாட்சி அரசின் வணிகப்பொருள் எதிர்கால வர்த்தக ஆணையத்தின் மேற்பார்வையில் இயங்கும் பரிவர்த்தனை மையம் என்று உங்கள் விளம்பரங்கள் சொல்வதை நம்பித்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கணக்குத் தொடங்கினேன். வெப்பநிலை மீதான ஒப்பந்தம் விளையாட்டுப் பேச்சு அல்ல என்பது எனக்குத் தெரியும். சிகாகோ வணிகப் பரிவர்த்தனை மையம் 1999 முதலே மின்சார, எரிவாயு நிறுவனங்களுக்காக அத்தகைய ஒப்பந்தங்களை நடத்திவருகிறது. ஒரு நகரத்தின் வெப்பம் என்பது எந்த நிலையத்தின் வெப்பம் என்ற கேள்வியும் எனக்குப் புதிதல்ல. சென்னையில் வளர்ந்தவர்களுக்கு நுங்கம்பாக்கம் ஓர் எண் சொல்லும், மீனம்பாக்கம் வேறொன்று சொல்லும் என்பது சிறுவயதிலேயே பழக்கம். சென்ட்ரல் பார்க்கின் பதிவுகள் 1869-இல் தொடங்குகின்றன. 1936 ஜூலை 9 அன்று பதிவான 106 டிகிரியை அங்கே இன்றுவரை எந்த நாளும் தாண்டவில்லை. பூங்காவுக்குள் இருக்கும் பெல்வெடெர் கோட்டை அருகே மரங்களுக்கு நடுவே நிற்கும் அந்தக் கருவி சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ச்சியாகக் காட்டுகிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. நான் அவர்களில் ஒருவன் அல்ல. அது சொல்வதை ஏற்கத் தயாராக இருக்கிறேன். அது சொன்னதைத்தான் நீங்கள் எனக்குச் சொல்லவில்லை.

இதே திரையில் இன்னொரு சிறு பிழையும் உள்ளது. கோடையில் நாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திக்கொண்டாலும், வானிலைச் சேவை ஆண்டு முழுவதும் நகர்த்தாத திட்ட நேரப்படியே நாளைக் கணக்கிடுகிறது. ஆகவே கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும் மாதங்களில் அதன் ஒரு நாள் என்பது நம் கடிகாரப்படி நள்ளிரவு 1 மணிக்குத் தொடங்கி மறுநாள் நள்ளிரவு 1 மணிக்கு முடிகிறது. உங்கள் செயலியோ 12 மணிக்கே எண்ணைப் புதிதாகத் தொடங்கிவிடுகிறது. நள்ளிரவு 12.30-க்கு இருக்கும் வெப்பம் முந்தைய நாளைச் சேர்ந்தது. செயலி அதைப் புதிய நாளின் உச்சமாகக் காட்டுகிறது. குளிர்காற்று இறங்குகிற ஏப்ரல் இரவு ஒன்றில் இதனால் 11 டாலர் இழந்தேன். அந்தத் தொகையை நான் கேட்கவில்லை. திருத்துங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

நான் கோருவது, தவறான திரைத் தகவலை நம்பி இழந்த 207 டாலர் 59 சென்ட்டை என் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பதும், ஐந்து நிமிடத் தரவிலிருந்து உச்ச அளவைக் காட்டுவதாக இருந்தால் அதை "89 அல்லது 90" என்று உள்ளபடியே காட்ட வேண்டும் என்பதும்தான். தொகையைத் தர இயலாது என்பது உங்கள் முடிவானால், அந்த 90 சரியான எண் என்றோ தவறான எண் என்றோ ஒரு வரியில் எழுத்தில் தெரிவியுங்கள். பதினைந்து நாள்களுக்குள் பதில் வராவிட்டால், இக்கடிதத்தின் ஆங்கில வடிவத்தை அதே இணைப்புகளுடன் மேற்சொன்ன ஆணையத்துக்கு அனுப்புவேன்.

இதை எழுதி முடிக்கும் இந்த நேரத்தில் ஐந்து நிமிடத் தரவு 27 செல்சியஸ் என்கிறது. அது 80 ஆகவும் இருக்கலாம், 81 ஆகவும் இருக்கலாம். உங்கள் செயலி 81 என்று காட்டுகிறது. அதன் கீழே "80 முதல் 81 வரை" என்ற கட்டம் இருப்பதால் இன்று யாருக்கும் நட்டமில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்

இணைப்பு: வர்த்தக ரசீது, மாலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள், அன்றைய வானிலை அறிக்கைகளின் நகல், உங்கள் மூன்று பதில்கள்.